சுவடில்லாமல் கலைந்த கூட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தாளை எடுத்தேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம் என்று எழுத வேண்டும், எழுதியும் பார்த்தேன், பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். என் வலது கண்ணில் புரை இன்னும் முற்றவில்லை, முற்றட்டும் பார்க்கலாம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் வரிகள் மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள். உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம், சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, காற்று போகிற மாதிரி பேசுகிறான், கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. பேத்திக்கு இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். சொன்னாள் என்றால், போன வாரம் சொன்னாள். இப்போது அவள் அதிகம் பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே இருக்கிறாள், நான் குரலைத் தாழ்த்தினால் என்ன ரகசியம் என்று நிமிர்ந்து பார்க்கிறாள்.

அந்தப் படம் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும், யாராவது அனுப்பாமல் இருக்கமாட்டார்கள். ஏரிக்கரையில் உன் அம்மா நிற்கிறாள், இரண்டு கைகளிலும் ஒரு கட்டுக் காகிதக் கொடி, கொடிகளில் ‘கிடங்கு வரட்டும்’ என்ற எழுத்து பளிச்சென்று தெரிகிறது, அவள் சிரிக்கிறாள். பக்கத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிற தோள் என்னுடையது. கீழே, சரக்குக் கிடங்குத் திட்டத்துக்கு மக்கள் வரவேற்பு, கூட்டம் முடிந்ததும் தாங்களே குப்பையை அகற்றிய ஆதரவாளர்கள் என்று போட்டிருக்கிறார்கள். படம் உண்மை, கீழே இருப்பது பொய். இரண்டும் எப்படி ஒன்றாக வந்தன என்பதை நடந்த வரிசையில் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்கே குழம்பிவிடும், நீதான் சொல்வாயே, அப்பா கனவு கண்டால்கூட முதல் பக்கத்திலிருந்துதான் காண்பார் என்று.

நம் தெருமுனை ஏரியை மண் போட்டு நிரப்பிச் சரக்குக் கிடங்கு கட்டப் போகிறார்கள் என்பதுவரை உனக்குத் தெரியும். நம் தெருக் கிணறுகளுக்கெல்லாம் அந்த ஏரிதான் ஊற்று, அது போனால் கிணறும் போகும். அதில் படகு வைத்து மீன் பிடித்துப் பிழைக்கிற வலைக்காரர் குடும்பத்தையும் நீ அறிவாய், சின்ன வயதில் அவர் படகில் ஏறி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவள் நீ. அவருக்குக் கிணறு மட்டுமல்ல, அடுப்பே அந்த ஏரிதான். கடைசி முடிவுக்கு முன்னால் ஆய்வு அதிகாரி ஒருவர் நேரில் வருவார், இடத்தைப் பார்ப்பார், அங்கே இருக்கிற மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போவார், அதை வைத்துத்தான் மேலே தீர்மானிப்பார்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். உன் அம்மா அதைப் படித்துவிட்டு வீடு வீடாகப் போனாள். வருகிறேன் வருகிறேன் என்று நழுவுகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, “வரேன்னு சொல்லாதீங்க, செருப்பை மாட்டுங்க, எனக்கு அது தெரிஞ்சா போதும்” என்றாள். நான் அவள் பின்னால் இரண்டு அடி தள்ளி நின்றேன். பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்கிறவன் நான், எனக்குப் போராட்டமெல்லாம் புதிது.

அப்போதுதான் நீ போனில் பேசினாய். உங்கள் ஊரில் நீங்கள் ஊர்வலத்துக்குச் சைக்கிளில் போவதையும், ஒரு பிளாஸ்டிக் புட்டிகூட எடுத்துப் போவதில்லை என்பதையும் சொன்னாய். ஏரியைக் காப்பாற்றப் போகிறவர்கள் ஏரிக்கரையில் குப்பை போட்டுவிட்டு வந்தால் யார் மதிப்பார்கள், போன இடம் போவதற்கு முன்னால் இருந்ததைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும் அப்பா என்றாய். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. உள்ளதைச் சொன்னால், போராட்டம் என்றதும் தயங்கிய எனக்குச் சுத்தம் என்றதும் கொஞ்சம் தைரியம் வந்தது. கத்துவதற்கு எனக்குத் தெரியாது, ஆனால் ஒழுங்காகச் செய்ய ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. தையல்காரர் கடையில் கூடிப் பேசினோம், அவர்தான் எங்கள் தலைவர், மற்றவர்கள் வெட்டுத் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். நீ சொன்னதையெல்லாம் நான் சொன்னேன். யாரும் வண்டியில் வரக்கூடாது, நடந்தே போவோம். அவரவர் வீட்டுப் புட்டியில் தண்ணீர். ஒலிபெருக்கி வேண்டாம், அதற்கு டீசல் எரிக்க வேண்டும். இதைச் சொன்னதும் மருந்துக்கடைக்காரர், “ஒலிபெருக்கி எதுக்கு சார், நம்ம ஊதலைக் கூட்டிட்டுப் போனா போதுமே” என்றார். ஊதல் என்பது ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநருக்குத் தெரு வைத்த பேர், அவர் பேசினால் அடுத்த தெரு ஒதுங்கி வழிவிடும். அவரும் கோபித்துக்கொள்ளாமல், “டீசல் வேணாம், ஒரு டீ போதும்” என்றார். அன்று எல்லோரும் நன்றாகச் சிரித்தோம். கடைசியாக எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பதாகை எதில் எழுதுவது என்பதுதான் பெரிய கேள்வியாக வந்தது. அச்சடித்த பிளாஸ்டிக் பதாகை கூடாது, சரி. பழைய படுக்கை விரிப்புகளைத் தையல்காரர் ஓரம் அடித்துத் தந்தார், துடைப்பக் கம்புகளில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கடையில் விற்கிற வண்ணத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எனக்குத் தெரியும், அது ஒரு துளி ஏரியில் சொட்டினாலும் நாம் எதிர்க்கிறவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மை செய்கிற வேலையை என்னிடமே விட்டார்கள். அடுப்புக்கரியை இடித்துச் சலித்து, பீட்ரூட் சாறும் கொஞ்சம் மாவுக் கஞ்சியும் சேர்த்து அளந்து கலக்கினேன். வலைக்காரரிடம் சிறு மீன்கள் வாங்கி ஒரு தொட்டியில் விட்டு அந்த மையை ஊற்றிப் பார்த்தேன், மறுநாளும் மீன்கள் சுறுசுறுப்பாக ஓடின. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “மீனா படிக்கப் போகுது? ஆபீசர்தானே படிக்கணும். மழை வந்தா நிக்குமா இது?” என்றாள். இது மழைக்காலமே இல்லையே என்று சொன்னேன். என் மை தண்ணீரைக் கெடுக்குமா என்று அத்தனை விதமாகச் சோதித்தவன், தண்ணீர் என் மையைக் கெடுக்குமா என்று ஒரு சொட்டுத் தெளித்துப் பார்க்கவில்லை.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் காலையில், ஏரியைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குத் தெருவே நடந்தது. இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. தள்ளுநாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள், பள்ளிக்கூட ஆசிரியை விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார், வலைக்காரர் வீட்டில் கைக்குழந்தைவரை எல்லோரும் வந்துவிட்டார்கள். அம்மா நடுவில் நின்றாள். ஊதல் குரல் கொடுத்தார், நாங்கள் பதில் கொடுத்தோம். நான்கூடக் கொடுத்தேன், முதலில் வாயை மட்டும் அசைத்தேன், பிறகு குரலும் வந்தது. நீ பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டாய். காற்று குளிர்ந்து வந்தபோதே நான் விரிப்புகளை அண்ணாந்து பார்த்தேன். தூறல்தான், பெரிய மழைகூட இல்லை. எழுத்துகள் கண்ணெதிரே கரைந்து இறங்கின. ‘ஏரியை விடுங்கள்’ என்று இருந்த விரிப்பில் முதலில் எழுத்துகளின் அடிப்பாகம் இழுபட்டது, பிறகு எல்லாமே சிவப்பும் கருப்புமாக ஒரு குழம்பாகி ஓரம் வழியாக வடிந்து மருந்துக்கடைக்காரரின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. “சார், என்னைப் பார்த்தா ஆஸ்பத்திரியிலேருந்து தப்பிச்சு வந்த மாதிரி இருக்கா?” என்று அவர் கேட்டார், யாரும் கோபப்படவில்லை, விரிப்புகளை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். தையல்காரர் மகள் தன் போனில் சில படங்கள் எடுத்தாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மழை வந்தால் நிற்குமா என்று முன்பே கேட்டதைச் சொல்லிக்காட்டியிருக்கலாம்.

அதிகாரி காலையில் வருவார் என்றிருந்தது, வரவில்லை. நண்பகல்வரைதான் எங்களுக்கு அனுமதி. கூடவே நின்ற காவலர் நல்ல மனிதர்தான், “நேரம் ஆச்சு ஐயா, நீங்க போயிட்டா எனக்கும் நிம்மதி” என்றார். தையல்காரர், இன்னும் கொஞ்சம் நிற்கலாம், அவர் வருகிற வழியில்தான் இருப்பார் என்றார். பாதிப் பேர் அவரைப் பார்த்தார்கள், பாதிப் பேர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காக்கிச் சட்டையைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். விதி விதிதானே, நாம் மீறினால் அதையே நம் மேல் குற்றமாக எழுதுவார்கள் என்று சொன்னேன். சொன்னது நியாயமாகத்தான் பட்டது, இப்போதும் முழுக்கத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் என்னை அரிக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் சுத்தம் செய்தோம். நீ பெருமைப்பட்டிருப்பாய் மகளே. வாழைப்பழத் தோலை உரக்குழிக்கு என்று தனிப் பையில் சேர்த்தோம். விழுந்திருந்த ஒரு பொத்தானைக்கூடப் பொறுக்கி, இது யாருடையது என்று கேட்டுக் கொடுத்தோம். சேற்றில் எங்கள் கால் தடம் குழிகுழியாக இருந்தது, கரை மண் சரியும் என்று உதிர்ந்து கிடந்த கிளை ஒன்றை எடுத்து அதையும் இழுத்துச் சமப்படுத்தினேன். ஊதல் அதைப் பார்த்துவிட்டு, “திருடப் போறவன்கூட இவ்வளவு சுத்தமா தடயத்தை அழிக்கமாட்டான் சார்” என்றார். பக்கத்தில் நின்ற ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், நானும் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் வீடு வந்து கால் கழுவிய பிறகு, கிடங்குக்காரர்கள் லாரிகளில் ஆள் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். யாரும் நம் பக்கத்து ஆள் இல்லை. ஆளுக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு தண்ணீர்ப் புட்டி, ஒரு காகிதக் கொடி. சாப்பிட்டார்கள், கொடியை ஆட்டினார்கள், எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். அதிகாரி வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அவர் பார்த்தது என்ன என்று யோசித்துப் பார். ஒரு பக்கம் கரை முழுக்கக் கொடியும் பொட்டலமும், பெருங்கூட்டம் கூடிக் கலைந்த இடம் என்று குழந்தைக்கும் தெரியும். இன்னொரு பக்கம், நாங்கள் நின்ற பக்கம், பெருக்கித் துடைத்த மாதிரி கிடந்தது. மனிதர் காலே படாத இடம்போல.

சாயங்காலம் அம்மா அந்தப் பக்கம் போய்விட்டு வேகமாகத் திரும்பி வந்தாள். காற்று எல்லாவற்றையும் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறது, எழுந்து வாங்க என்றாள். அது அவர்கள் போட்ட குப்பை, நாம் ஏன் தொட வேண்டும் என்று கேட்டேன். “குப்பை அவங்களோடதுதான். ஏரி யாரோடது?” என்று கேட்டுவிட்டுச் சாக்குகளை எடுத்துக்கொண்டு நடந்தாள். நானும் போனேன். முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிப் பொட்டலங்களை எடுத்தோம், பிளாஸ்டிக்கை நான் சாக்கில் அடைத்தேன், காகிதக் கொடிகளைத் தனியாக அவள் அடுக்கினாள், காகிதத்தைப் பிளாஸ்டிக்கோடு கலக்கக்கூடாது என்று சொன்னவன் நான்தான். அந்த நேரத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் வந்தார். கூட்டத்துக்கு நேரத்தில் வந்து சேராதவர் போலிருக்கிறது, அவசரமாக இரண்டு படம் எடுத்தார், எங்களை ஒன்றும் கேட்கவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். காலையில் பத்திரிகைக்காரர் யாரும் வந்து படம் எடுக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவள், வயதான இரண்டு பேர் ஏரியில் இறங்கிக் குப்பை எடுப்பதைப் பத்திரிகையில் போட்டால் நாலு பேருக்கு உறைக்கும் என்று நினைத்திருக்கிறாள். அதனால்தான் சிரித்தாள். தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் பத்திரிகையை நான் பார்ப்பதற்குள் ஆசிரியை கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அம்மா படித்தாள். திரும்பவும் படித்தாள். என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தாள், எழுத்து மாறிவிடும் என்பதுபோல.

நானும் தையல்காரரும் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். உன் அப்பா தானாகவே கிளம்பிப் போனான் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீளமான நடைவழி, சுவரோரம் நாற்காலிகள், ஒன்றுக்குக் கால் உடைந்திருந்தது, அதைத் தவிர எல்லாவற்றிலும் ஆட்கள். எங்கள் முறை வந்ததும் எழுத்தர் அறிக்கையை எடுத்து வாசித்தார். ஆட்சேபம் தெரிவித்து மக்கள் கூடியதற்கான அறிகுறி எதுவும் தளத்தில் காணப்படவில்லை, ஆதரவாளர்கள் பெருமளவில் கூடியதற்கான அடையாளங்கள் உள்ளன. தெருவே வந்திருந்தது என்று தையல்காரர் குரலை உயர்த்தினார். நான் அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். “இது உங்களுக்கு அனுமதி கொடுத்ததுக்குச் சாட்சி சார், நீங்க வந்ததுக்கு இல்லையே” என்றார். காவலர் கூட இருந்தாரே என்றோம், அவர் குறிப்பும் அங்கே இருந்தது, அசம்பாவிதம் ஏதுமில்லை என்று மட்டும் எழுதியிருந்தார். கடைசியில் தையல்காரர் மகள் எடுத்த படங்களைப் போனில் காட்டினோம். எழுத்தர் பெரிதாக்கிப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். “என்ன சார் இது, எல்லாரும் சேர்ந்து துணி காயப்போடறீங்களா?” என்று கேட்டார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை, அதுதான் கொடுமை. அந்தப் படத்தில் அப்படித்தான் இருந்தது. கறை படிந்த விரிப்புகளைக் கம்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிற ஒரு கூட்டம், ஏன் நிற்கிறது என்று சொல்ல ஒரு எழுத்தும் இல்லை.

பத்திரிகை அலுவலகத்திலும் கேட்டோம். படத்தில் இருப்பது நீங்கள்தானே, கையில் இருப்பது அந்தக் கொடிதானே, பிறகு எங்கே தவறு என்று கேட்டார்கள். திருத்தம் போடுவதாக ஒப்புக்கொண்டு, உள்பக்கத்தில் மூலையில், படத்தில் இருப்பவர்கள் அமைப்பு எதையும் சேராத பொதுமக்கள் என்று இரண்டு வரி போட்டார்கள். அது முன்பைவிட மோசமாகிவிட்டது. பொதுமக்களே கொடி பிடிக்கிறார்களாம். உன் அண்ணன் வந்தபோது, “குப்பையே போடாம போராட்டம் பண்ணினா யாருக்குப்பா தெரியும்? நாலு டயரைக் கொளுத்தியிருந்தா டிவியில வந்திருக்கும்” என்றான். டயரைக் கொளுத்தினால் அந்தக் கரி எங்கே போய்ப் படியும் என்று சொல்ல நினைத்தேன், அந்த ஏரியில்தான் படியும், ஆனால் படிவதற்கு ஏரி இருந்திருக்கும் அல்லவா. இதற்கு மேல் என் மூளை போகவில்லை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைச் சோதித்துச் சுத்தமா இல்லையா என்று கையெழுத்துப் போட்டவன் நான், சுத்தமாக இருப்பதே ஒருவனுக்கு எதிரான சாட்சியாகும் என்று எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

தெருவில் சிலர் புரிந்துகொண்டார்கள். சிலர் கேலி செய்தார்கள், அதைக்கூடத் தாங்கலாம், “அக்கா, கொடி மிச்சம் இருக்கா, ஜன்னலுக்குத் திரை போடணும்” என்று ஒருத்தி மாடியிலிருந்து கேட்டாள், அம்மா அவளுக்குச் சரியான பதிலைத் திருப்பிக் கொடுத்தாள். சிலர் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிகிறது. வலைக்காரர் வந்தார். உன் அம்மாதான் அவர் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், எல்லாரும் நின்னா ஏரி நிக்கும் தம்பி, பயப்படாதே என்று சொன்னவள். அன்று அவர் பிடித்திருந்த விரிப்பைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. விரிப்பைக் கதவோரம் வைத்துவிட்டு, “அக்காகிட்ட கொடுத்துடுங்க” என்று மட்டும் சொன்னார். அம்மா அறைக்குள்ளிருந்து ஓடி வந்து, தம்பி, அந்தப் படம் அப்படி இல்லை, நான் பொறுக்கினேன், பொறுக்கினதைத்தான் கையில் வைத்திருந்தேன் என்று தெருவில் பாதிதூரம் அவர் பின்னாலேயே போனாள். அவர் நின்று கேட்டார், தலையை ஆட்டினார், “சரிக்கா” என்றார். நம்பி ஆட்டினாரா, வயதான பெண்பிள்ளை தெருவில் நின்று அழக்கூடாது என்று ஆட்டினாரா, தெரியவில்லை. மண் கொட்டுவதற்குத் தேதி வைத்தாகிவிட்டது என்று அவர்தான் முதலில் சொன்னார். மனைவி மக்களோடு மைத்துனர் ஊருக்குப் போகிறாராம், அங்கே கடல் இருக்கிறது என்றார், கடலில் தனக்குப் பழக்கமில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் பேச்சு குறைந்தது. வெளியே போவது நின்றுவிட்டது. சமைக்கிறாள், பாத்திரம் துலக்குகிறாள், ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறாள்.

இதில் உன் மேல் தப்பு இருக்கிறது என்று நீ ஒரு நிமிடமும் நினைக்கக்கூடாது, இதை எழுதத்தான் இவ்வளவு தாளையும் செலவழிக்கிறேன். அம்மாவே சொல்லிவிட்டாள், “அவ சொன்னது சரிதான், நீங்கதான் அதைப் பரீட்சை மாதிரி எழுதி நூத்துக்கு நூறு வாங்கினீங்க” என்று. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கேள்வியை உன்னிடம் கேட்கச் சொல்லியிருக்கிறாள், நான் கேட்காமல் விட்டால் அவள் தூங்கமாட்டாள். அன்று அந்த விரிப்புகளையாவது கரையில் விட்டுவிட்டு வந்திருந்தால், பழத்தோலையாவது போட்டுவிட்டு வந்திருந்தால், ஏரி மிஞ்சியிருக்குமா என்று கேட்கிறாள். நான் எல்லா விதத்திலும் யோசித்துவிட்டேன். இல்லை, எப்படியும் போயிருக்கும், முன்பே முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள் என்று சொன்னால், அப்படியானால் தெருவை அன்று நான் எதற்காக நடக்க வைத்தேன் என்பாள். ஆமாம், மிஞ்சியிருக்கும் என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு அவள் எப்படி இருப்பாள், நான் எப்படி இருப்பேன். நீ எங்கள் இரண்டு பேரையும்விடக் கெட்டிக்காரி. பதில் தெரிந்தால் அவளுக்கு எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது, சமாதானம் சொல்லாதே, உன் கையெழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

நீ உன் ஊரில் ஊர்வலத்துக்குப் போகாதே என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் கேட்கமாட்டாய். சைக்கிளிலேயே போ, புட்டியில் தண்ணீர் கொண்டு போ, குப்பை போடாதே. ஆனால் தண்ணீரில் கரையாத மையில் எழுது. யாராவது வந்து பார்க்கிறவரை நில். நேரம் முடிந்துவிட்டது என்று காக்கிச் சட்டைக்காரர் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் என்னிடம் கேட்காதே, மாப்பிள்ளையிடம் கேள்.

இதை நேற்று இங்கே நிறுத்தியிருந்தேன். இன்று காலையில் லாரிகள் வந்துவிட்டன. முதல் லாரி மண்ணைக் கவிழ்த்த சத்தம் சமையலறைவரை கேட்டது, கயிற்றில் காய்ந்த துணியில் செம்மண் தூசி. அம்மா எழுந்து செருப்பை மாட்டினாள், பல நாளுக்குப் பிறகு. சாக்கு ஒன்றை எடுத்தாள். பின்னாலேயே போனேன். லாரிக்காரர்கள் டீ குடித்துவிட்டுக் காகிதக் கோப்பைகளைத் தண்ணீரோரம் எறிந்திருந்தார்கள், அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். ஓட்டுநர் ஒருவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “ஏம்மா, நாளைக்கு மண்ணுக்குள்ள போற இடத்துல என்னத்தைப் பொறுக்கறீங்க” என்றார். எனக்கும் அதே கேள்விதான், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு, “மூடற வரைக்கும் இது ஏரிதானே” என்றாள். அவருக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா தெரியவில்லை. நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல், நல்ல தண்ணீர் இருக்கிற இடத்தில் நீண்ட நாள் வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு. பேத்தியின் நெஞ்சில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு, மறந்துவிடாதே. படத்தைப் பற்றி நீயாக ஆரம்பிக்க வேண்டாம். ஏரி இன்று எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதை அவள் சொல்வாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா